மெழுகா, பேடா

மெழுகு நல்லதா, பேடு நல்லதா என்று கைட் சர்ஃபிங் ஆட்களிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டால், கேட்டவர் அன்றைக்கு வீடு போய்ச் சேர நேரமாகிவிடும். ஆளுக்கொரு நியாயம் வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் மெழுகு என்றுதான் சொல்வேன். மூன்று வருடமாக அதைத்தான் சொல்லிவருகிறேன். இன்றைக்கும் மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

சார், நீங்கள் வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை உன் கையாலேயே எழுது என்றீர்கள். பத்தாவது வரை படித்தவன், எழுதுகிறேன். பெயர் நாகரத்தினம். வயது நாற்பத்தெட்டு. ஊர் கோடியக்கரைக்கு வடக்கே. ஃபைபர் படகு வேலை செய்கிறேன். எங்கள் ஊர்க் கடற்கரையில் வசந்தகுமார் நடத்தும் கைட் சர்ஃபிங் பள்ளிக்கு மீட்புப் படகும் ஓட்டுகிறேன். டாக்டர் கயல்விழி கடலில் காணாமல் போய் இன்றோடு மூன்றாம் நாள். அவரைக் கடைசியாகப் பார்த்தவன் நான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. நீங்கள் கேட்டது அவருடைய போர்டில் ஒட்டியிருந்த பேடைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, அது இழுக்கிற இழுப்பில் போர்டின்மேல் நின்று தண்ணீரில் ஓடுவதுதான் இந்த விளையாட்டு. காலைப் பிடித்துவைக்க வார் கிடையாது. பாதம் வழுக்காமல் நிற்பது போர்டின் மேல் இருப்பதைப் பொறுத்தது. பாதம் ஒட்டி நிற்கப் பிசுபிசுப்பான மெழுகு தேய்க்கலாம், ஆனால் நம் ஊர் வெயிலில் அது இளகும், ஒவ்வொரு தடவையும் தேய்க்கவேண்டும், அப்படியும் கால் வழுக்கும். பேடு என்பது ரப்பர் மெத்தைத் துண்டு மாதிரி. பின்பக்கம் பசை இருக்கும். ஒழுங்காக ஒட்டினால் வருடக்கணக்கில் அசையாது. இதைப் படித்ததும் நீங்களே பேடுதான் நல்லது என்று சொல்வீர்கள். டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. கடலோரத்தில் பிறந்தவன் நான். ஆனால் ஆழக்கடலுக்குப் போனால் எனக்கு வாந்தி வரும். பதினெட்டு வயதில் மூன்று முறை போனேன், மூன்று முறையும் என்னை வலைமேல் படுக்கவைத்துத்தான் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து ஊரில் எனக்கு வாந்தி நாகரத்தினம் என்று பெயர். கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவன்கூட வாசலில் நின்று, "வாந்தி அண்ணன் இருக்காரா?" என்றுதான் கேட்பான். என் மனைவி ஈஸ்வரி அதைக் கேட்டுச் சிரிக்கமாட்டாள். அதற்கு அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. கரையோரம் ஓட்டினால் எனக்கு ஒன்றும் செய்யாது. அதனால்தான் வசந்தகுமார் மீட்புப் படகுக்கு என்னை வைத்துக்கொண்டான். கண்ணுக்குத் தெரிகிற தூரம்தானே.

டாக்டரம்மா கூத்தாநல்லூரில் கால்நடை டாக்டர். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், நடவும் அறுப்புமாக இருக்கிற ஊர். தாத்தா காலத்தில் அவர்கள் பண்ணைக்கு வேலை செய்தவர்கள். அப்பா இராஜாங்கம் காலத்தில் சொந்தமாக நிலம் வாங்கி, பெண்ணை டாக்டருக்குப் படிக்கவைத்தார்கள். அந்த வீட்டில் அதற்கு முன்னால் யாரும் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைத்ததில்லை. இந்தப் பெண் ராமேஸ்வரம் போன இடத்தில் கைட் பறப்பதைப் பார்த்துவிட்டு, நீச்சல் கற்று, அதையும் கற்று, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் கடற்கரைக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டு ஆடு குட்டி போட முடியாமல் கிடந்தபோது கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து எடுத்துவிட்டவர் அவர்தான். நல்லவர். அவர்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை.

முதல் தடவை நான் அவரைக் கரை சேர்த்தது மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி அமாவாசை அன்று. கடலில் தலை முழுக வந்த கூட்டம் கரை நெடுக நின்றது. ஆடியில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும்; விழுந்தால் அது உங்களை நடுக்கடல் பக்கம்தான் தள்ளும். மெழுகு இளகி டாக்டரம்மாவுக்குக் கால் வழுக்கியது. பட்டம் தண்ணீரில் விழுந்து கயிறு சிக்கிக்கொண்டது. அவர் கையைத் தூக்கினார். நான் எஞ்சின் கயிற்றை இழுக்கிறேன், கிளம்பவில்லை. பிளக்கில் தண்ணீர் ஏறியிருந்தது. துடைத்து மாட்டி, திரும்ப இழுத்து, கிளம்ப இருபது நிமிடம் ஆகிவிட்டது. அந்த இருபது நிமிடமும் கரையில் இருந்த சனம் மொத்தமும் அலறிக்கொண்டிருந்தது. நான் போய் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்பியபோது, அந்தக் கூச்சல் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. தலை முழுக வந்திருந்த இராஜாங்கம் அண்ணன் வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அய்யா, நீங்க மனுசன் இல்லீங்க. எங்க கொலசாமி."

ஈஸ்வரி கரையில் நின்று அதைப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் எனக்கு முதலில் சோறு வைத்தாள்.

தை பிறந்ததும் இராஜாங்கம் அண்ணன் புது அரிசி மூட்டையோடு வந்தார். மனைவி அம்சவல்லி அக்காவும் கூட வந்தார். அதற்கப்புறம் முடிந்த ஞாயிறெல்லாம் வருவார்கள். படகு நிழலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, குறுவை நாற்றைப் பற்றியும் வாய்க்காலில் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசிக்கொண்டே மகள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "நீங்க இருக்கிற தைரியத்துலதான் தம்பி புள்ளைய விடுறேன்" என்பார். ஊர் ஆட்கள் அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்வார். அவர் மனதறிந்து செய்ததில்லை. ஆனால் எனக்கு அது கேட்கப் பிடித்திருந்தது.

அதே வருடம் திருச்சிக்காரர் ஒருவர் விழுந்தார். நான் ஐந்தே நிமிடத்தில் போய்த் தூக்கிவிட்டேன். அவர் "தேங்க்ஸ்ணா" என்று சொல்லிவிட்டு, பட்டம் கிழிந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். இது என்னை ரொம்ப நாள் யோசிக்கவைத்தது. இரண்டும் ஒரே வேலை. ஒரே கடல், ஒரே படகு. வித்தியாசம் எங்கே இருக்கிறது? எப்படிப் பார்த்தாலும் நேரத்தில்தான் இருந்தது. பயம் ஊறாத ஆளுக்குக் காப்பாற்றப்பட்டது தெரிவதில்லை. அடுத்த வருடத்திலிருந்து யாராவது கையைத் தூக்கினால் உடனே எஞ்சினைத் தொடமாட்டேன். பிளக்கைக் கழற்றித் துடைப்பேன். பெட்ரோல் டியூபை அழுத்திப் பார்ப்பேன். பத்து நிமிடம், சில நாள் பதினைந்து. அதில் யாருக்கும் ஒரு கீறலும் விழவில்லை என்பதை வசந்தகுமாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு வருடத்தில் பதினொரு பேரைக் கரை சேர்த்திருக்கிறேன். பஞ்சாயத்தில் எனக்குத் துண்டு போட்டார்கள். வாந்தி என்ற பெயர் அநேகமாக நின்றுவிட்டது.

இந்தச் சித்திரையில் டாக்டரம்மா பேடு வாங்கிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தார்.

"அண்ணே, இதை ஒட்டிக் குடுங்க. மெழுகு தேச்சுத் தேச்சு அலுத்துப்போச்சு."

"மெழுகு போதும்மா. பேடு காலச் சுடும், போர்டு வெயிட்டு ஏறும்."

"எல்லாரும் பேடுக்கு மாறிட்டாங்கண்ணே. நீங்க மட்டும்தான் மெழுகுக்கு வக்கீல்" என்று சிரித்தார்.

நான் தேன்மெழுகும் குங்கிலியமும் காய்ச்சி அவருக்கென்றே ஒரு மெழுகு செய்துகொடுத்திருந்தேன். வெயில் ஏறினால் அது மற்றதைவிடச் சீக்கிரம் இளகும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் சொன்னபடி ஒட்டிக்கொடுத்தேன். பழைய மெழுகைச் சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, பேடை வைத்து அழுத்தி, ஒரு நாள் முழுக்க நிழலில் வைத்துத்தான் கொடுத்தேன். அந்தத் தடவை வேலையில் ஒரு குறையும் இல்லை. என்னை வேண்டுமென்றே கெடுதல் செய்கிறவன் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் பேடுக்கு மாறினார்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஒருவரும் கை தூக்கவில்லை. டாக்டரம்மா அலைமேல் ஏறி இறங்கி, திரும்பி, என் படகைச் சுற்றி வட்டமடித்துவிட்டுப் போவார். இராஜாங்கம் அண்ணன் வருவது குறைந்தது. போன் செய்தால், "அதான் பாப்பா நல்லா பழகிருச்சே தம்பி, இனிமே என்ன பயம்" என்றார். வசந்தகுமார், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்றான். அவன் நல்ல பையன், தயங்கித்தான் சொன்னான். அந்த வாரம் டீக்கடையில் ஒருவன், "என்ன வாந்தி, வேலை போச்சாமே" என்றான். நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனியில் பேடின் ஒரு ஓரம் வெயிலில் சுருங்கிவிட்டது. புதுப் பேடு ஒன்றைக் கொடுத்து, மாற்றி ஒட்டச் சொல்லி, டாக்டரம்மா போர்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஃபைபர் படகை அச்சில்தான் வார்ப்போம். அதில் ஊற்றுகிற ரெசின் என்ற பசை எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். அச்சிலும் ஒட்டிக்கொண்டால் படகு வெளியே வராது. அதனால் முதலில் அச்சுக்கு மெழுகு பூசித் துணியால் தேய்ப்போம். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆனால் அதன்மேல் எதுவும் பிடிக்காது. அலை ஆட்களுக்கு மெழுகு என்றால் காலைப் பிடித்துக்கொள்வது. எங்களுக்கு மெழுகு என்றால் விட்டுவிடுவது. வேறு யாராவது பேடைக் கழற்றவேண்டும் என்று நினைத்திருந்தால் கத்தி வைத்துக் கிளறி, ஒரு மணி நேரத்தில் அகப்பட்டிருப்பார்கள். நான் போர்டை அசிட்டோனால் துடைத்துவிட்டு, முன்கால் நிற்கிற இடத்தில் அச்சு மெழுகை மூன்று பூச்சு பூசி, ஒவ்வொன்றையும் காயவிட்டுத் தேய்த்தேன். சுற்றி ஒரு அங்குலம் மட்டும் சுத்தமாக விட்டேன். ஓரம் பிடித்துக்கொள்ளும், நடுவில் பிடிப்பு இருக்காது. நாலைந்து வாரம் உப்புத் தண்ணீரும் வெயிலும் பட்டால் ஓரமும் விட்டுவிடும் என்பது என் கணக்கு. சரியாக ஐந்தாம் வாரம் விட்டது.

நேற்று நீங்கள் அந்த போர்டை மேசைமேல் வைத்துத் தண்ணீர் தெளித்துப் பார்த்தீர்கள். பேடு போன இடத்தில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நின்றது. வசந்தகுமார் சொல்லிக்கொடுத்திருப்பான். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அன்றைக்கு ஆடி அமாவாசைக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. வசந்தகுமார் ஒரு கல்யாணத்துக்காக மயிலாடுதுறை போயிருந்தான். காற்று பலமாக இருந்ததால் மற்றவர்கள் மத்தியானமே போய்விட்டார்கள். டாக்டரம்மா மட்டும் நின்றார். அப்பா அம்மா, சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் வேன் எடுத்துக்கொண்டு வருவதாகவும், மறுநாள் விடியற்காலையில் கோடியக்கரையில் தாத்தாவுக்குத் திதி கொடுக்கப்போவதாகவும், அதற்கு முன்னால் தான் கடலில் போவதைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டவேண்டும் என்றும் சொன்னார். பேச்சிலேயே ஒரு குதிப்பு இருந்தது.

"அண்ணே, நீங்க இருக்கீங்கள்ல? அவங்க வர்றதுக்குள்ள ஒரு ரவுண்டு போயி கை பழகிக்கிறேன்."

"நான் இருக்கேன். போங்க."

நாலு மணி பத்து நிமிடத்துக்கு முன்கால் பேடு விட்டது. அரை மைல் தூரத்தில் அவர் திரும்பும்போது கால் தனியாகவும் போர்டு தனியாகவும் போனது பைனாகுலரில் தெரிந்தது. பட்டம் முறுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அவர் தலை மேலே வந்தது. படகு இருக்கும் பக்கம் திரும்பி, ஒரு கையைத் தூக்கினார். எல்லாம் நான் நினைத்தபடியே இருந்தது. ஒன்றைத் தவிர: கரையில் ஒரு ஆள் இல்லை.

நான் இராஜாங்கம் அண்ணனுக்குப் போன் செய்தேன். எங்கே வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"வேதாரண்யம் தாண்டிட்டோம் தம்பி, இந்தா வந்துட்டோம். பாப்பா என்ன பண்ணுது?"

"கடல்ல இருக்காங்கண்ணே. வாங்க, பாக்கலாம்."

வேதாரண்யத்திலிருந்து எங்கள் கடற்கரைக்கு இருபது நிமிடம். நான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முதல் தடவையும் இருபது நிமிடம்தான். அப்போது அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மிதவைச் சட்டை போட்டிருந்தார், நீச்சல் தெரிந்தவர். நான் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். படகைத் தண்ணீரில் தள்ளி, ஏறுவதற்குத் தயாராக நின்றேன். இதையெல்லாம் கவனமாகத்தான் செய்தேன்.

இருபது நிமிடத்தில் வேன் வரவில்லை. அகஸ்தியன்பள்ளிப் பக்கம் உப்பு லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டில் குறுக்கே நின்றுவிட்டதாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த ஐந்து நிமிடம் முடிந்ததும், இவ்வளவு நேரம் நின்றுவிட்டு இப்போது போனால் நின்றதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று பட்டது. டாக்டரம்மா இரண்டு கையையும் தூக்கினார். பிறகு ஒரு கை. பைனாகுலரில் முகம் தெரிந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் கிளம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். என்னைத் தப்பாக நினைத்திருக்கமாட்டார். கயிறு காலில் சுற்றியிருக்கவேண்டும், பட்டம் அவரை வெளியே இழுத்துக்கொண்டே இருந்தது. தூரம் கூடக் கூட அலை மறைத்தது. நான் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன்.

வேன் வந்தபோது ஐந்தேகால்.

அம்சவல்லி அக்கா தூக்குச்சட்டியோடு முதலில் இறங்கினார். மகளுக்குப் பசிக்கும் என்று எலுமிச்சம்பழச் சோறு கொண்டுவந்திருந்தார். நான் கடலைக் காட்டிச் சொன்னேன். அவர்கள் போட்ட கூச்சலில் ஊரிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. நான் இரண்டு மைல், மூன்று மைல் போனேன். வாந்தி எடுத்தேன், துடைத்துக்கொண்டு இன்னும் போனேன். அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. போர்டும் கிடைக்கவில்லை, பட்டமும் கிடைக்கவில்லை. போர்டு மறுநாள் தெற்கே ஒதுங்கியது உங்களுக்குத் தெரியும்.

இருட்டுவதற்குள் வெறும் படகோடு திரும்பிவந்தேன். ஊர் மொத்தமும் கரையில் நின்றது. இராஜாங்கம் அண்ணன் அன்றைக்கு மாதிரியே தண்ணீரில் இறங்கிவந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இருந்தும் முடியலியே தம்பி. ஒங்களாலேயே முடியலன்னா யாரால முடியும்."

ஈஸ்வரி என்னைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உண்மையை எழுதவேண்டும் என்று சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன்: அந்த நேரத்தில் நான் முழுக்கத் துக்கமாக இல்லை.

உங்கள் ரைட்டர் எழுதிவைத்திருக்கிற தாளில் கொலை என்று இருக்கிறது. அதை மட்டும் மாற்றவேண்டும். கொல்ல நினைக்கிறவன் படகைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பானா? நான் பேடைக் கழலவைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஐந்து நிமிடத்தில் போகவேண்டியவன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் காப்பாற்றுவதற்காகத்தான். அந்த உப்பு லாரி மட்டும் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு டாக்டரம்மா கூத்தாநல்லூரில் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பார், நீங்களும் என்னை இங்கே உட்காரவைத்திருக்கமாட்டீர்கள். இதை நீங்கள் நிதானமாக யோசித்துப் பார்க்கவேண்டும்.

தேடுகிற படகுகள் கிழக்கே போய்க்கொண்டிருக்கின்றன. அங்கே பிரயோசனம் இல்லை. கச்சான் இரண்டு நாளாகத் தணிந்துவிட்டது. நீரோட்டம் இப்போது தெற்கே இழுக்கிறது. கோடியக்கரை திரும்புகிற முனையில், சேற்றுத் தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் கொண்டுவந்து விட்டிருக்கும். உயிரோடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெற்றவர்களுக்கு உடம்பாவது கிடைக்கவேண்டும் அல்லவா. அந்த இடம் எனக்குத்தான் தெரியும். என்னை ஒரு போலீஸ்காரரோடு என் படகிலேயே அனுப்புங்கள், கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன்.

விடியற்காலையில் வேண்டாம் சார். எட்டு மணிக்கு மேல் போகலாம். அதற்கு முன்னால் கரையில் ஆட்கள் வரமாட்டார்கள்.